அனுமதி இலவசம், பாட்டு சொந்தம்: ஆழ்வார்பேட்டையில் ஒரு ஜாஸ் மாலை

முதலிலேயே தீர்ப்பைச் சொல்லிவிடுகிறேன். போன ஞாயிற்றுக்கிழமை ஆழ்வார்பேட்டையில் நடந்த ஜாஸ் கச்சேரி நன்றாக இருந்தது, அடுத்த முறை நடத்தினால் தாராளமாகப் போய்விட்டு வாருங்கள். இலவசம் என்பதற்காக இப்படிச் சொல்லவில்லை. இந்த ஊரில் இலவசக் கச்சேரிக்கு என்ன குறைச்சல்? மார்கழி மாதம் மத்தியானம் ஏதாவது ஒரு சபாவுக்குள் நுழைந்தால் இளம் பாடகர் ஒருவர் காலி நாற்காலிகளுக்கு முன்னால் உயிரைக் கொடுத்துப் பாடிக்கொண்டிருப்பார், யாரும் டிக்கெட் கேட்கமாட்டார்கள். நான் போனதற்குக் காரணம் அறிவிப்பில் இருந்த ஒரு வரி. பாடப்போகிற மூன்று பெண்களும் தாங்களே எழுதி, தாங்களே மெட்டுப்போட்ட பாட்டுகளைத்தான் பாடுவார்கள் என்று அதில் இருந்தது. அந்த வாக்கு முக்கால்வாசிதான் காப்பாற்றப்பட்டது, அந்தக் கதையை அப்புறம் சொல்கிறேன்.

பாடியவர்களின் பெயரை இங்கே போடப்போவதில்லை. மூவரும் இப்போதுதான் மேடை ஏறத் தொடங்கியிருக்கிறார்கள், நானோ குறையும் சேர்த்துத்தான் சொல்லப்போகிறேன், நாளைக்கு யாராவது அந்தப் பெயரைத் தேடினால் முதலில் என் புலம்பல் வந்து நிற்கக்கூடாது. அரங்கின் பெயரும் அதே காரணத்துக்காக இல்லை. இந்த மாதிரி நிகழ்ச்சிகளைத் தேடிப் போகிறவர்களுக்கு எது என்று சொல்லாமலே தெரிந்துவிடும்.

சொந்தப் பாட்டு என்ற ஒரு வரிக்காக ஏன் ஞாயிற்றுக்கிழமை சாயந்திரத்தைக் கொடுக்க வேண்டும் என்று கேட்டால், அதற்குக் கொஞ்சம் பழைய கதை இருக்கிறது. ஜாஸில் பெண் குரலுக்கு எப்போதுமே இடம் இருந்திருக்கிறது. பில்லி ஹாலிடே, எல்லா ஃபிட்ஸ்ஜெரால்ட், சாரா வான் என்று பெயர்களை அடுக்கிக்கொண்டே போகலாம். ஆனால் அவர்கள் பாடிய பாட்டுகளில் பெரும்பாலானவை நியூயார்க் நாடக மேடைக்கும் ஹாலிவுட் படங்களுக்கும் ஆண்கள் எழுதிக்கொடுத்தவை. பெரிய பேண்டுகளின் காலத்தில் பாடகி மேடை ஓரத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார், முறை வந்ததும் எழுந்து ஒரு சுற்று பாடிவிட்டு மறுபடி போய் உட்கார்ந்துகொள்வார், அதற்கப்புறம் சாக்ஸபோன்காரர்களும் டிரம்பெட்காரர்களும் பாட்டைத் தங்கள் கையில் எடுத்துக்கொள்வார்கள். ஹாலிடே தானே எழுதினார், ஆர்தர் ஹெர்சாக்குடன் சேர்ந்தும் எழுதினார், எல்லாமே அபாரமான பாட்டுகள், ஆனால் அவர் பாடிக் குவித்த மற்றவற்றோடு பார்த்தால் எண்ணிக்கை குறைவு. ஏபி லிங்கன் என்ற பாடகி தன் சொந்தப் பாட்டுகளால் பேசப்பட்டது பெரும்பாலும் பிற்காலத்தில்தான். இவ்வளவு ஏன், 2003 கிராமி விழாவில் நோரா ஜோன்ஸ் அள்ளிக்கொண்டு போனாரே, நம்ம ஊர்ப் பத்திரிகைகள்கூட ரவிசங்கரின் மகள் என்று பக்கம் பக்கமாகப் போட்டார்களே, அந்த ஆல்பத்தின் பெரிய ஹிட் பாட்டை எழுதியவர் ஜெஸ்ஸி ஹாரிஸ் என்ற ஆண். அந்த வருடத்தின் சிறந்த பாட்டுக்கான விருது, எழுதியவர் என்ற முறையில், அவருக்குத்தான் போனது.

அதற்குப் பிறகு நிலைமை மாறியிருக்கிறது. 2011-ல் சிறந்த புதிய கலைஞர் கிராமியை ஜஸ்டின் பீபரையும் டிரேக்கையும் தாண்டி வாங்கிய எஸ்பெரான்சா ஸ்பால்டிங், பாடுவதோடு டபுள் பேஸ் என்ற பெரிய தந்தி வாத்தியமும் வாசிப்பார், எழுதுவதும் அவரே. செசீல் மெக்லோரின் சால்வன்ட் 2010-ல் மாங்க் போட்டி என்ற பெரிய ஜாஸ் போட்டியில் ஜெயித்தபோது பழைய பாட்டுகளைத் தோண்டி எடுத்துப் பாடுகிறவராகத்தான் தெரிந்தார், இப்போது அவருடைய ஆல்பங்களில் சொந்தப் பாட்டுகள் சரிக்குச் சரி நிற்கின்றன. அப்புறம் லவ்ஃபே. ஐஸ்லாந்துப் பெண், செல்லோவும் வாசிப்பார், 2024-ல் கிராமி வாங்கினார். ஞாயிறு அன்று அரங்கில் பாதிக்கு மேல் கல்லூரிப் பிள்ளைகள், அவர்களை அங்கே கொண்டுவந்து உட்காரவைத்தது லவ்ஃபேதான் என்று சத்தியம் செய்து சொல்வேன். எனக்கு முன் வரிசையில் இருந்த ஒரு பெண்ணின் போன் உறையில் அவர் படம்.

சரி, கச்சேரிக்கு வருவோம். ஆன்லைனில் பதிவு செய்துவிட்டுப் போக வேண்டும், பதிவு இருந்தாலும் உட்கார இடம் கிடைக்கும் என்று உத்தரவாதம் கிடையாது, முதலில் வந்தவர்களுக்கு முதல் நாற்காலி. ஆறரைக்கு என்று போட்டு ஏழேகாலுக்கு ஆரம்பித்தார்கள். அந்த முக்கால் மணி நேரமும் வெளியே தாழ்வாரத்தில் மின்விசிறி இல்லாமல் நிற்க வைத்தது கொஞ்சமும் நியாயமில்லை, வயதானவர்களுக்கு நாலு நாற்காலியாவது போட்டிருக்கலாம். உள்ளே நல்ல ஏசி, இருநூறு பேர் உட்காரக்கூடிய அரங்கு, மேடை தாழ்வாக இருப்பதால் கடைசி வரிசைக்குக்கூட வாசிக்கிறவர்களின் கை தெரியும். மேடையில் எலெக்ட்ரானிக் பியானோ, டிரம்ஸ், ஒரு டெனர் சாக்ஸபோன். அதோடு ஒரு நிஜமான டபுள் பேஸ், அதைப் பார்த்ததுமே பாதிக் கோபம் போய்விட்டது. சென்னையில் ஜாஸ் என்று போனால் பெரும்பாலும் பேஸ் கிதாரோடுதான் ஒப்பேற்றுவார்கள், அவர்களைக் குறை சொல்லவும் முடியாது, ஆள் உயரத்துக்கு இருக்கிற அந்த மரப்பெட்டியை ஆட்டோவிலா ஏற்ற முடியும்?

தொகுத்து வழங்கியவர் மைக்கைப் பிடித்ததும், எதிர்பார்த்தபடியே, ஜாஸும் கர்னாடக சங்கீதமும் அண்ணன் தம்பி மாதிரி, இரண்டிலும் மனோதர்மம், அதாவது மேடையிலேயே கற்பனை செய்து பாடுவது, உண்டு என்று ஆரம்பித்தார். சென்னையில் ஜாஸ் கச்சேரி என்றால் இதைச் சொல்லாமல் திரை தூக்கமாட்டார்கள் போலிருக்கிறது. பொய் இல்லை, ஆனால் இதைக் கேட்டுவிட்டு உட்கார்கிறவர் தப்பான இடத்தில் காதை வைப்பார். நம்மிடம் தம்புராவின் ஷட்ஜமம் கடைசி வரை அசையாது, ராகமும் அதேதான், அந்த எல்லைக்குள் எத்தனை விதமாகச் சஞ்சாரம் செய்கிறார் என்பதுதான் பாடகரின் திறமை. ஜாஸில் காலுக்குக் கீழே இருக்கிற தரையே இரண்டு பாருக்கு, அதாவது இரண்டு தாளச் சுற்றுக்கு, ஒருமுறை நகர்ந்துகொண்டிருக்கும். பியானோவில் கார்ட், அதாவது சேர்ந்து ஒலிக்கிற ஸ்வரக் கூட்டு, மாறுகிறது, ஒரு நொடிக்கு முன்னால் இனிப்பாக இருந்த அதே ஸ்வரம் இப்போது கசக்கிறது, அந்தக் கசப்பை வேண்டுமென்றே பிடித்துவைத்துக்கொள்வதா, பக்கத்து ஸ்வரத்துக்கு இறங்கிவிடுவதா என்று பாடுகிறவர் அங்கேயே முடிவெடுக்க வேண்டும். சொந்தமாக எழுதுகிறவர்களுக்கு இன்னொரு வசதியும் உண்டு, எந்த இடத்தில் கசக்க வேண்டும் என்பதை அவர்களே முன்கூட்டி வைத்துவிடலாம்.

முதலில் வந்தவர் பியானோ வாசித்துக்கொண்டே பாடுகிறவர், வயது இருபத்தைந்துக்குள்தான் இருக்கும். மூவரில் எழுத்தில் கெட்டிக்காரர் இவர்தான் என்பது என் கருத்து, கஷ்டம் என்னவென்றால் அவர் எழுதியதில் பாதி நம் காதுக்கு வரவில்லை. முதல் இரண்டு பாட்டுக்கும் பியானோவும் டிரம்ஸும் சேர்ந்து குரலை அமுக்கிவிட்டன. பின் வரிசையிலிருந்து யாரோ "வாய்ஸ் கேக்கல!" என்று கத்தினார்கள், பாடிக்கொண்டிருந்த அந்தப் பெண் சிரித்துவிட்டார், சவுண்ட் பலகையில் இருந்தவர் சாவகாசமாக எதையோ திருகினார். பாட்டு எழுதுகிறவர்களைக் கொண்டாடும் கச்சேரி என்று சொல்லிவிட்டு வார்த்தையே கேட்காவிட்டால் அப்புறம் என்ன கொண்டாட்டம்?

மூன்றாவது பாட்டில் குரல் மேலே வந்தது. ஐந்து எண்ணிக்கையில் போகிற பாட்டு. எனக்கு இடது பக்கம் வேட்டி கட்டிய மாமா ஒருவர், எழுபது வயது இருக்கலாம், அதுவரை கைகட்டி உட்கார்ந்திருந்தவர் தொடையில் தாளம் போட ஆரம்பித்தார். "ஏம்மா, இது அஞ்சுதானே?" என்றார். "ஆமாம் சார்" என்றேன். கண்ட சாபுவில் பழகிய கை அது, தக தகிட என்று இரண்டும் மூன்றுமாகப் போட்டது. பாட்டோ மூன்றும் இரண்டுமாகப் பிரிந்து போனது, ஜாஸில் ஐந்து என்றால் பெரும்பாலும் அப்படித்தான் பிரியும். நாலைந்து ஆவர்த்தனம் மாமாவின் கையும் டிரம்ஸும் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டன, அவர் நெற்றியைச் சுருக்கினார், நிறுத்தினார், பேஸ்காரரின் விரலையே கொஞ்ச நேரம் பார்த்தார், அப்புறம் மூன்று இரண்டு என்று மாற்றிப் போட்டு, பாட்டு முடிகிறவரை விடவே இல்லை. 1958-ல் அமெரிக்க ஜாஸ் பியானோக்காரர் டேவ் புரூபெக் மெட்ராஸ் வந்து மிருதங்க வித்வான் பழனி சுப்ரமணிய பிள்ளையைச் சந்தித்தாரே, அவருடைய குழு ஐந்து எண்ணிக்கையில் உலகப் புகழ் பெற்ற பாட்டைப் பதிவு செய்தது அடுத்த வருடம்தான். இரண்டுக்கும் முடிச்சுப் போட நான் வரவில்லை, அந்த மாமாவைப் பார்த்தபோது ஞாபகம் வந்தது, அவ்வளவுதான்.

அந்தப் பாட்டின் வார்த்தைகள் இங்கிலீஷ். நைட் ஷிப்ட் முடிந்து ஓஎம்ஆரிலிருந்து கம்பெனி வண்டியில் வீடு திரும்புகிற ஒருத்தியைப் பற்றியது. ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஒருவர் இறங்க இறங்க, இசையிலும் ஒவ்வொரு வாத்தியமாக நின்றுவிடுகிறது, கடைசியில் பியானோவின் இடது கை மட்டும்தான் மிச்சம். இது வெறும் சாமர்த்தியமாகப் போயிருக்கலாம், போகவில்லை. ஐந்து எண்ணிக்கையில் ஒரு கால் எப்போதும் குறைவாக இருப்பது போலத் தூக்கக் கலக்கமாக இருக்கிறது பாருங்கள், அது வண்டியின் ஆட்டத்தோடு சேர்ந்துகொண்டது. இவ்வளவு நன்றாக எழுதுகிறவர் பியானோவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு, கண்ணை மூடிக்கொண்டு, யாரோடும் பேசாமல் பாடிவிட்டுப் போனதுதான் குறை. ஒரு பாட்டுக்கும் இன்னொரு பாட்டுக்கும் நடுவில் இரண்டு வார்த்தை பேசினால் ஒன்றும் குறைந்துவிடாது.

இரண்டாவதாக வந்தவர் அரங்கைத் தூக்கி நிறுத்தினார். சென்னைப் பெண், குரல் பெரிய குரல் இல்லை, மேல் ஸ்தாயியில் கொஞ்சம் மெலிந்துபோகிறது, அது அவருக்கே தெரிந்திருப்பதால் அந்தப் பக்கம் அதிகம் போகவில்லை. பாடியது தமிழில். தமிழில் ஜாஸ் என்றதும் எனக்குக் கொஞ்சம் பயம்தான், மெரினா, பில்டர் காபி, மல்லிகைப்பூ என்று நாலு சொல்லைப் போட்டுவிட்டு சாக்ஸபோனை ஊதிவிடுவார்கள். இவர் பாடியது வாடகைக்கு வீடு தேடுவதைப் பற்றி. பன்னிரண்டு பார் ப்ளூஸ், அதாவது ஒரு வரிக்கு நாலு பார், அதே வரியை மறுபடி ஒருமுறை, மூன்றாவது வரியில் பதில். நூறு வருடத்துக்கு மேல் பழைய கட்டு, எல்லா ஜாஸ்காரருக்கும் தூக்கத்தில் வாசிக்க வரும். அதில் இவர் உட்கார வைத்திருப்பது வீட்டு புரோக்கரை:

வீடு இருக்கும்மா, நல்ல வீடு, தண்ணிக் கஷ்டமே இல்ல
வீடு இருக்கும்மா, நல்ல வீடு, தண்ணிக் கஷ்டமே இல்ல
தனியாவா இருப்பீங்க? அப்ப ஓனர்கிட்ட கேட்டுச் சொல்றேன்

தண்ணிக் கஷ்டமே இல்ல என்றதும் அரங்கு சிரித்தது. இரண்டாவது தடவை அதே வரி வந்தபோது சிரிப்பு இல்லை, அடுத்து என்ன வரப்போகிறது என்று எல்லோருக்கும், குறிப்பாக அங்கே இருந்த பெண்களுக்கு, தெரிந்துவிட்டது. மூன்றாவது வரியில் பேண்ட் முழுக்க நிறுத்திவிட்டது, வெறும் குரல். அது முடிந்ததும் சாக்ஸபோன் தொண்டையைச் செருமுகிற மாதிரி ஒரு சின்னச் சொற்றொடர் வாசித்தது, அதுதான் ஓனர். அடுத்தடுத்த சுற்றில் நான்-வெஜ் சமைப்பீங்களா, ராத்திரி எத்தனை மணிக்கு வருவீங்க, அப்பா அம்மா வந்து பேசுவாங்களா என்று கேள்விகள் ஏற ஏற ஓனரின் செருமலும் நீண்டுகொண்டே போனது. கடைசிச் சுற்றில் அவர் பாடவே இல்லை, கேள்வி முழுவதையும் சாக்ஸபோனே கேட்டது, இவர் "சரிங்க", "சரிங்க" என்று மட்டும் சொல்லிக்கொண்டு வந்தார். மூன்றாவது சரிங்க-வில் குரல் மாறியது பாருங்கள், அதற்கு எத்தனை ஸ்டாரும் கொடுக்கலாம்.

இந்தப் பாட்டு ஏன் தமிழில் ஒட்டாமல் துருத்தவில்லை என்று வீட்டுக்கு வந்தும் யோசித்துக்கொண்டிருந்தேன். ஸ்விங் தாளத்தில் ஒவ்வொரு அடியும் ஒரு நீளம் ஒரு குட்டை என்று பிரியும். வீடு, காசு, ஓனர் என்று அவர் தேர்ந்தெடுத்த வார்த்தைகளில் நெடில் முதலில் வந்து தானாகவே ஸ்விங் ஆகிறது, எதையும் வலிந்து இழுக்க வேண்டியதில்லை. அடுத்த பாட்டில் இதைக் கவனிக்காமல் விட்டுவிட்டார். மெதுவான காதல் பாட்டு, மனசை விடு என்று முடிகிற வரி, அந்தக் குறிலை இரண்டு பார் முழுக்க நீட்டினால் என்ன ஆகும்? மனசை வீடு என்று கேட்டது. இப்போதுதான் வீடு தேடி முடித்தோம், மறுபடியுமா என்று பின்னால் ஒரு பையன் முணுமுணுத்தது எனக்கே கேட்டது. மற்றபடி தாளத்துக்கு ஒரு முடி பின்னால் தள்ளி வார்த்தையை வைக்கிறாரே, ஹாலிடேயிடம் கற்றுக்கொண்டதாக இருக்க வேண்டும், அதை யாரும் அவருக்குச் சொல்லித்தரவே முடியாது, காது வேண்டும்.

தமிழில் ஜாஸ் பாடுவதில் இவர் முதல் ஆள் இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் தொகுத்தவர் "முதன்முறையாக" என்று இரண்டு தடவை சொன்னார். அறுபதுகளிலேயே விஸ்வநாதன் ராமமூர்த்தி மெட்டில் எல்.ஆர். ஈஸ்வரி பாடாத ஜாஸா? 1969-ல் மவுண்ட் ரோடு சபையர் தியேட்டர் வளாகத்தில் இருந்த நைன் ஜெம்ஸ் நைட் கிளப்பில் புடவை கட்டிக்கொண்டு நின்று பாட ஆரம்பித்தவர்தான் உஷா உதுப். நியூயார்க்கில் பிறந்து தமிழ்நாட்டில் வளர்ந்த கானவ்யா 2018-ல் ஜாஸ் பாட்டுகளைத் தமிழில் பாடி ஆல்பம் வெளியிட்டார், பிறகு எஸ்பெரான்சா ஸ்பால்டிங்கோடும் சேர்ந்து பாடினார். ஆனால் புரோக்கரும் ஓனரும் வருகிற ப்ளூஸை நான் இதற்குமுன் கேட்டதில்லை.

மூன்றாவது பாடகி பெங்களூரிலிருந்து வந்தவர், மூவரில் மூத்தவர், அனுபவசாலி, குரல் கணீரென்று இருந்தது. இவருடைய பங்குதான் எனக்கு ஏமாற்றம். ஆறு பாட்டில் நாலு ஸ்டாண்டர்டுகள், அதாவது எல்லோரும் பாடிப் பழகிய பழைய ஜாஸ் பாட்டுகள். நன்றாகப் பாடவில்லை என்று சொல்லமாட்டேன், வார்த்தை இல்லாமல் வெறும் ஒலிகளால் ஸ்கேட் பாடும்போது ஒரே மூன்று ஸ்வரச் சொற்றொடரை எடுத்துக்கொண்டு கார்ட் மாற மாற அதையே திருப்பித் திருப்பிப் போட்டுக் காட்டினார், தொகுத்தவர் சொன்ன மனோதர்மத்துக்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்று புரிந்துகொள்ள அந்த ஒரு நிமிடமே போதும். ஆனால் ஒரு நிமிடத்தோடு நிற்கவில்லை, போய்க்கொண்டே இருந்தது. அதைவிட, சொந்தப் பாட்டு என்று கூப்பிட்டுவிட்டு எல்லோரும் பாடுவதையே பாடினால் எப்படி? இதில் பாடகியைவிட நடத்தியவர்கள்தான் பதில் சொல்ல வேண்டும். வாசலில் கொடுத்த காகிதத்தில் பாட்டுகளின் பெயர் வரிசையாக இருந்தது, எது யார் எழுதியது என்று ஒரு இடத்தில்கூட இல்லை. சொந்தப் பாட்டுக்கும் கிடையாது, ஸ்டாண்டர்டுக்கும் கிடையாது. கீர்த்தனைகள் எழுதிய அம்புஜம் கிருஷ்ணாவின் பாட்டை யாராவது பாடினால் சாகித்யம் அவருடையது, மெட்டு இன்னார் போட்டது என்று நம் சபாக்காரர்கள் தேடிப் பிடித்தாவது சொல்வார்கள். எழுதுகிற பெண்களைக் காட்டத்தான் இந்தக் கச்சேரியே, எழுதியவர் பெயர் போட அரை வரி இடம் இல்லையா?

அவருடைய சொந்தப் பாட்டு இரண்டில் ஒன்று, டபுள் பேஸ் மட்டும் துணையாக வைத்துப் பாடியது. பியானோ இல்லை, டிரம்ஸ் இல்லை. அமெரிக்க ஜாஸ் பாடகி ஷீலா ஜோர்டன் காலமெல்லாம் செய்துகாட்டிய வித்தை இது, கேட்கச் சுலபம், பாட மகா கஷ்டம், ஏனென்றால் கார்ட் என்னவென்று யாரும் காதில் சொல்லமாட்டார்கள், பேஸின் ஒற்றை ஸ்வரத்தை வைத்துக்கொண்டு மீதியைப் பாடுகிறவரே மனசுக்குள் கேட்டுக்கொள்ள வேண்டும். இந்த ஒரு பாட்டுக்காக அந்த நாலு ஸ்டாண்டர்டையும் மன்னித்துவிடலாம் என்று தோன்றியது, முழுசாக இல்லை, பாதி.

ரசிகர்களைப் பற்றியும் இரண்டு வார்த்தை. நாம் கைதட்டிக் கலந்துகொள்கிறோம் என்றால் நாலு எண்ணிக்கையில் ஒன்றிலும் மூன்றிலும் தட்டுகிறோம், ஜாஸ் இரண்டிலும் நாலிலும் தட்டச் சொல்லும். இருநூறு பேர் எதிர்ப்பக்கம் தட்டினால் டிரம்ஸ்காரர் என்ன செய்வார் பாவம், சிரித்துக்கொண்டே ஸ்னேர் டிரம்மில் இரண்டையும் நாலையும் ஓங்கி ஓங்கி அடித்தார், யாரும் மாறவில்லை. பேஸ் சோலோ ஆரம்பித்ததும் ஒரு கூட்டம் எழுந்து வெளியே போனது. தனி ஆவர்த்தனத்துக்குக் கேண்டீன் போகிற ஊர் ஆயிற்றே, கால் தானாக எழுந்துவிடுகிறது. போனில் வீடியோ எடுத்தவர்களில் ஒருவராவது பிளாஷை அணைத்திருக்கலாம். ஆனால் கடைசி வரை இருந்தவர்கள் நிஜமாகவே கேட்டார்கள், மூன்று பேரும் சேர்ந்து நின்று பாடிய கடைசிப் பாட்டில் சத்தம் குறைந்தபோது அரங்கில் ஏசி சத்தம்தான் கேட்டது.

பணத்தைப் பற்றி. நமக்கு இலவசம், சரி, வாசித்தவர்களுக்கும் இலவசமாகிவிடக்கூடாதே என்று ஒரு தன்னார்வலரிடம் கேட்டேன், எல்லோருக்கும் சன்மானம் உண்டு என்றார், நம்புகிறேன். வெளியே வரும்போது மேசையில் ஒரு க்யூஆர் அட்டை, விருப்பப்பட்டதைக் கலைஞர்களுக்குப் போடலாம் என்று எழுதி, தண்ணீர் பாட்டிலுக்குப் பின்னால் சாய்த்து வைத்திருந்தார்கள். அதை மேடையிலிருந்து ஒருமுறை சொல்லியிருந்தால் நூறு பேராவது போட்டிருப்பார்கள். நான் போட்டேன். உங்களுக்கு முன்னூறு ரூபாய் கொடுத்து இதைப் பார்க்கலாமா என்று கேட்டால், முதல் இரண்டு பேருக்காகக் கண்டிப்பாகப் பார்க்கலாம்.

போகிறவர்களுக்கு: மெட்ரோ வேலைக்காக அந்தப் பக்கம் சாலைகளைத் திருப்பித் திருப்பி விட்டிருக்கிறார்கள், கார் எடுத்துப் போகவே போகாதீர்கள், வளாகத்துக்குள் டூவீலருக்கு மட்டும்தான் இடம். பதிவைத் திறந்த அன்றே போட்டுவிடுங்கள், இரண்டாவது நாளே மூடிவிட்டார்கள். ஆறு மணிக்குள் வரிசையில் நின்றால் நடு இருக்கை கிடைக்கும், இடது ஓரத்தில் மட்டும் உட்காராதீர்கள், ஸ்பீக்கர் நேராகக் காதில் இறங்குகிறது, அங்கே குரல் இன்னும் மோசமாகக் கேட்டதாகப் பக்கத்தில் வந்து மாறி உட்கார்ந்தவர் சொன்னார். உள்ளே சாப்பிட ஒன்றும் கிடையாது, வெளியே வந்து இரண்டு நிமிடம் நடந்தால் டீக்கடை, ஞாயிற்றுக்கிழமையும் பத்து மணி வரை திறந்திருக்கிறது. வீட்டு புரோக்கர் பாட்டு எந்த ஆப்பிலும் இல்லை, வெளியே வரும்போது அந்தப் பெண்ணிடமே கேட்டேன், "இன்னும் ரெக்கார்ட் பண்ணலக்கா, முதல்ல வீடு கிடைக்கட்டும்" என்றார்.